மூக்குத்தித் திருகு

அந்த டாக்டரம்மா டிவிய என் பக்கமா திருப்புனாவ பாருங்க அண்ணாச்சி, அந்த நிமிஷத்துலதான் எல்லாம் கெட்டுப்போச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

டிவின்னா வீட்டு டிவி இல்ல. ஆஸ்பத்திரி டிவி. அதுல ஓடுதது எம்பொண்டாட்டி நெஞ்சுக்குள்ள. ஆமா, உள்ளதான். செவப்பா, ஈரமா, மினுமினுன்னு ஒரு குகை. குகை ரெண்டாப் பிரியுது, அதுல ஒண்ணு மறுபடியும் பிரியுது. வலதுபக்கம் கீழ போற கிளைல சதை புடைச்சி வளந்து கெடக்கு. கொஞ்சம் உரசுனாலும் ரத்தம் கசியுது. அந்தச் சதைக்கு நடுவுல ஒரு மினுக்கு. டாக்டரம்மா படத்த அந்த இடத்துல நிறுத்திட்டு, இது என்னன்னு தெரியுதான்னு கேட்டாவ.

நான் கேமராத் தொழில் பாக்கவன். இருட்டுல எடுத்த படத்தக் காட்டுனாலும் ஆளு யாருன்னு சொல்லிருவேன். எனக்கு உடனே தெரிஞ்சிருச்சி. மூக்குத்தித் திருகு. நாங்க வீடு பூரா தேடுன திருகு. அத ஏற்கனவே வெளிய எடுத்து ஒரு குட்டி டப்பால போட்டு வச்சிருந்தாவ. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். ஏ, கெடைச்சிருச்சின்னு சத்தமாச் சொல்லிட்டேன். ரூம்ல யாரும் சிரிக்கல.

எம்பொண்டாட்டி கோமதி கட்டில்ல ஒருக்களிச்சிப் படுத்திருந்தா. தொண்டை மரத்துப்போக மருந்து அடிச்சிருந்ததால தண்ணி குடுக்கக்கூடாது, பேச்சுக் குடுக்கக்கூடாதுன்னு நர்சு சொல்லிருந்துச்சு. டாக்டரம்மா அவகிட்டக் குனிஞ்சி, இது எப்பிடிம்மா உள்ள போச்சுன்னு கேட்டாவ. கோமதி அவுகளப் பாக்கல. என்னையப் பாத்தா. குரலே இல்லாம, காத்து மாதிரி சொன்னா.

"அவருக்குத் தெரியும்."

அம்புட்டுதான். அதுக்கப்புறம் எங்கிட்ட அவ ஒரு வார்த்தை பேசல. நீங்களே சொல்லுங்க, எனக்கு என்ன தெரியும்?

ஆள் யாருன்னு சொல்லாமலே ஆரம்பிச்சிட்டேன், தப்பா நெனைக்காதிய. பஸ்சுல பக்கத்துல உக்காந்தவுககிட்டப் பேசாம வர எனக்கு வராது. எம்பேரு ஊர்க்காவலன். கோயில்பட்டில கேமரா மாட்டுத வேலை. ஜவுளிக்கடை, நகைக்கடை, தீப்பெட்டி ஆபீசு, கல்யாண மண்டபம், எல்லாத்துலயும் நம்ம கேமராதான் தொங்குது. பேரக் கேட்டதும் கஸ்டமருக சிரிப்பாவ, பேருக்கேத்த தொழில்தான்னு. நீங்க பஸ் ஏறுன எடத்துக்கு எதுத்தாப்புல ஒரு செருப்புக்கடை இருக்குல்லா? அதுவும் நான் மாட்டுனதுதான். நீங்க பையத் தூக்கிட்டு நின்னது, டீ குடிச்சது, எல்லாம் அதுல விழுந்திருக்கும். சும்மா சொன்னேன். பயப்படாதிய.

சங்கரன்கோயிலுக்கா? சரி சரி. நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன். கழுகுமலை தாண்டி வேப்பங்குளத்துக்குப் பிரியுத விலக்கு. கோமதி இப்ப அவுக அம்மா வீட்ல இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன். வந்துருவா. வராம எங்க போவா?

அந்த மூக்குத்தி எங்கம்மா போட்டது. எங்கம்மாவுக்கு அவ மாமியா போட்டதாம். வெளிய கல்லு, மூக்குக்கு உள்பக்கம் திருகு. பழசுல்லா, மரை தேஞ்சி போயி அப்பப்ப லூசாகும். கோமதி விரல விட்டு இறுக்கிக்கிடுவா. பேசிக்கிட்டே இறுக்குவா, அது ஒரு பழக்கமா ஆயிருச்சி அவளுக்கு.

ஒருநாளு காலைல கல்லு மட்டும் அடுப்படித் தரைல கெடக்கு. திருகக் காணல. எங்கம்மா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆளுகள்லாம் வந்துட்டாவ. வீட்டப் பெருக்கி, அந்தக் குப்பையச் சல்லடைல போட்டுச் சலிச்சாச்சு. அரிசிப் பானையக் கொட்டிப் பாத்தாச்சு. அப்புறம் நான் எறங்குனேன். பைப்புக்குள்ள விட்டுப் பாக்குத கேமரா ஒண்ணு எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. நீளமா ஒரு வயரு, நுனில லென்சு, லென்சச் சுத்திப் பொடிப்பொடியா லைட்டு. போன்ல படம் தெரியும். சூப்பர் சாமான். அத சிங்க்கு பைப்புல விட்டேன், பாத்ரூம் குழில விட்டேன், சாக்கடைல விட்டேன். வீட்டுல எத்தன ஓட்டை உண்டோ அத்தனைலயும் விட்டுப் பாத்தேன். இல்ல.

கோமதி அன்னைக்குப் பூரா ஒரு மூலைல உக்காந்து இருமிக்கிட்டே இருந்தா. எல்லாத்தையும் உதறிப் பெருக்குன தூசின்னு நெனச்சேன்.

திருகு போனது போகட்டும், ஆசாரிகிட்டச் சொன்னா புதுசு போட்டுத் தரப் போறாரு. ஆனா எங்கம்மா அப்பிடி விடல. மூக்குத்தி தொலைஞ்சா புருசன் உசுருக்கு ஆகாதுன்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை. எம்மேல உசுரு அவளுக்கு. அந்த வாரமே நான் வண்டில போயி மணல்ல சறுக்கி முழங்கைய உரசிட்டேன். பாத்தியா பாத்தியான்னு ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிட்டா. கழுகுமலைல எம்பேருக்கு அர்ச்சனை. கோமதி செவ்வாக்கிழமை தோறும் விரதம். ஈரச்சேலையோட கோயிலச் சுத்தி வந்தா, எனக்காக. இருமிக்கிட்டே சுத்துனா. எங்கம்மா பின்னாலயே போயி, இருமாம சுத்துடின்னு சொன்னா. சாமிக்கு முன்னால இருமுனா நல்லாவா இருக்கும்?

எனக்கு ஒண்ணும் ஆகல. பாத்தியளா, கல்லு மாதிரி இருக்கேன்.

இருங்க, ஒரு போன். ஹலோ, சொல்லுங்க சார். டிஸ்க்கு நெறஞ்சிருக்கும் சார், பழசு தானா அழிஞ்சிரும், நீங்க ஒண்ணும் தொடாதிய. நாளைக்கு வாரேன்.

எங்க விட்டேன்? ம், இருமல். சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. நிக்கும், மறுபடியும் வரும். சிரிச்சா வரும், வேகமா நடந்தா வரும். அவ சிரிக்கதையும் வேகமா நடக்கதையும் விட்டுட்டா, அதனால கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டு அடுப்படிலயும் ஒரு கேமரா உண்டு. அவ பாதுகாப்புக்குத்தான், சிலிண்டர் இருக்க எடம்லா. வேலை செய்யுத எடத்துல ஏணி மேல நிக்கும்போது போன எடுத்து ஒரு பார்வை பாத்துக்கிடுவேன். உள்ளதான் இருக்கான்னு தெரிஞ்சா நிம்மதியா ஆணி அடிக்கலாம். ஒருநாளு அப்பிடிப் பாக்கேன், கோமதி சிங்க்குல குனிஞ்சி துப்புதா. செவப்பா இருக்கு. உடனே தண்ணியத் தொறந்து விட்டா. விட்டுட்டு, மெதுவாத் தலையத் தூக்கிக் கேமராவப் பாத்தா.

நான் போனப் போட்டு, என்னத்தக் கொட்டுனன்னு கேட்டேன். பீட்ரூட் கழுவுன தண்ணின்னா. அன்னைக்குச் சாப்பாட்டுல பீட்ரூட்டு இல்ல. மறுநாளு இருந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஒருநாளு துண்டுல பாத்தேன், ஒளிச்சி வச்சிருந்தா. அப்பக் கோவம் வந்துச்சு பாருங்க. ரத்தம் வந்ததுக்கில்ல, பொய் சொன்னதுக்கு. உண்மையச் சொல்லிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடிருப்பேன்லா? ஏன் மறைச்சன்னு கேட்டா, பயம்ங்கா. என்ன பயம்? டிபின்னு சொல்லி ஒதுக்கிருவிகளோன்னு பயம்னா. நான் நம்பிட்டேன். இப்ப யோசிச்சா வேற ஏதோ பயம் மாதிரி தெரியுது. என்னன்னுதான் புரியல.

கோயில்பட்டியிலயே ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனோம். சளியச் சோதிச்சாரு, டிபி இல்ல. எங்கம்மா அங்கயே சூடம் கொளுத்தப் போயிட்டா. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னாரு. அங்கதான் ஒரு சிக்கல். எக்ஸ்ரே எடுக்கவரு, கழுத்துல உள்ளத எல்லாம் கழட்டிட்டு வாங்கன்னாரு. சங்கிலியக் கழட்டுனா. தாலியையும்ங்காரு. எங்கம்மா கதவுக்குக் குறுக்க வந்து நின்னுட்டா. மூக்குத்தி போனதுக்கே எம்பிள்ள வண்டிலருந்து விழுந்தான், இப்பத் தாலியவா கழட்டச் சொல்லுதிய, எம்பிள்ள உசுரோட நிக்கது உங்க கண்ணுக்குத் தெரியலியா. அந்த ஆளு பாவம், என்ன பண்ணுவாரு? முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கோங்கம்மான்னு சொல்லி எடுத்துட்டாரு.

படத்துல தாலி அப்பிடியே தெரியுது. தாலிச் சங்கிலி, குண்டு, மணி, எல்லாம் வெள்ளை வெளேர்னு. நெஞ்செலும்புக்குக் கொஞ்சம் வலதுபக்கமா ஒரு குண்டு மட்டும் தனியாத் தள்ளி நிக்குது. டாக்டரு அதுல விரல வச்சிட்டு, இதுவும் தாலிதானான்னு கேட்டாரு. தாலிதான் சார்னு நான் சொன்னேன். எதுக்கும் கழட்டிட்டு இன்னொரு படம் எடுத்துட்டு வாங்கன்னாரு. நான் கோமதியப் பாத்தேன், கோமதி எங்கம்மாவப் பாத்தா. எங்கம்மா, மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்கன்னா. அவரக் கொறை சொல்லக்கூடாது, மறுபடியும் மறுபடியும் சொன்னாரு. திருநெல்வேலிக்குப் போயி ஸ்கேனாவது பாருங்கன்னாரு. மாத்திரைல கொஞ்சம் கேட்டுச்சு, அப்பிடியே விட்டுட்டோம்.

நீங்களா இருந்தா கழட்டச் சொல்லுவியளா அண்ணாச்சி? சும்மா ஒரு இருமலுக்கு?

அதுக்கப்புறம் எங்கக்கா மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்துல பந்தி நடக்குது. கோமதி பாயசம் ஊத்திக்கிட்டு வாரா. பாதிப் பந்தில நின்னா. வாளியக் கீழ வச்சா. முந்தானைய வாய்ல வச்சி இருமுனா. மஞ்சப் பட்டு அண்ணாச்சி. அது அப்பிடியே நெறம் மாறிக்கிட்டே வருது, கீழ வரைக்கும். எலைல உக்காந்திருந்த ஆளுக ஒவ்வொருத்தரா எந்திரிச்சாவ. அந்த மண்டபத்துல மாட்டிருக்கதும் நம்ம கேமராதான். நல்ல தெளிவு. பின்னால அதப் பாக்க முடியல என்னால.

திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கதான் டாக்டர் பியூலா, நெஞ்சு டாக்டரம்மா. ஒல்லியா, சத்தமே வராமப் பேசுவாவ. எத்தன மாசமா, எம்புட்டு வருது, மூக்குலருந்து வருதா, வாந்தில வருதா, காய்ச்சல் உண்டா, எடை கொறஞ்சிருக்கான்னு வரிசையாக் கேட்டாவ. நான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கோமதிக்கு அவ்வளவாப் பேச வராது. டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சிட்டு, அவங்க சொல்லட்டும்னாவ. நானே சொல்லி முடிச்சேன்.

பழைய படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாவ. தாலி இல்லாம இன்னொண்ணு வேணும்னாவ. நான், அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்னு போன எடுத்தேன். திரும்பிப் பாக்கேன், கோமதி கைல தாலி. யார்கிட்டயும் கேக்கல. கொக்கியக் கழட்டி, சங்கிலியச் சுருட்டி என் உள்ளங்கைல வச்சிட்டு எக்ஸ்ரே ரூமுக்குள்ள போயிட்டா. சூடா இருந்துச்சு அண்ணாச்சி, அவ உடம்புச் சூடு. எங்கம்மா போன்ல ஹலோ ஹலோங்கா.

புதுப் படம் வந்துச்சு. தாலி இல்ல, சங்கிலி இல்ல. அந்தத் தனிக் குண்டு மட்டும் அதே எடத்துல நிக்குது.

டாக்டரம்மா வெவரமாச் சொன்னாவ. படத்துல தெரியுதது நிழலுதான். ஏதோ உலோகம் இருக்குன்னு சொல்லும், அது நெஞ்சுக்குள்ள என்ன பண்ணி வச்சிருக்குன்னு சொல்லாது. ரத்தம் எந்தக் கிளைலருந்து வருது, சதை வளந்திருக்கா, அதுவும் போக வேற ஏதும் உண்டான்னு கண்ணால பாக்கணும். மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு, நுனில உள்ள கேமரால பாப்போம். அதுக்குப் பேரு பிராங்கோஸ்கோப்பி. முடிஞ்சா அதுலயே சின்னதா ஒரு இடுக்கிக் கொறடு விட்டு அந்தச் சாமான எடுத்துருவோம். சந்தேகமான சதை இருந்தா துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவோம். எடுக்கும்போது ரத்தம் பீறிட்டா உள்ளயே மருந்து விட்டு நிறுத்தப் பாப்போம். நிக்காமலும் போகலாம், அதயும் சொல்லித்தான் ஆகணும்னாவ.

நான் நுனில கேமராங்கதப் பிடிச்சிக்கிட்டேன். அத ஒரு தடவ காட்டுங்க மேடம்னு கெஞ்சுனேன், காட்டுனாவ. அடேயப்பா. நம்ம பைப்புக் கேமராவேதான், ஆனா ஆயிரம் மடங்கு ஒசத்தி. நுனிய மேல கீழ வளைக்கலாம், பக்கத்துலயே உறிஞ்சுத ஓட்டை, கொறடு போக ஒரு ஓட்டை. என்ன பிக்சல்னு கேட்டேன். டாக்டரம்மா என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, கையெழுத்துப் போடுங்கன்னாவ.

வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் உறிஞ்சுத சத்தம், அப்புறம் கோமதி இருமுத சத்தம். அந்த இருமல் எனக்கு நல்லாத் தெரியும். நின்னுச்சு. மறுபடியும் உறிஞ்சுத சத்தம். அது ரொம்ப நேரம் ஓடுச்சு, நிக்கவே இல்ல. ஒரு நர்சு வெளிய ஓடுச்சு, தோள்ல துண்டோட திரும்பி ஓடி வந்துச்சு. கதவு தொறந்து மூடுன அந்த இடைல தரையப் பாத்தேன். பாத்திருக்கக்கூடாது. கைல தாலிய அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு, சாமி, அவள எனக்குக் குடுத்துருன்னு வேண்டுனேன். குடுத்துருச்சி, நீங்க பாக்கத்தான் போறிய.

அதுக்கப்புறந்தான் அந்த டிவி. அதுக்கப்புறந்தான், அவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா என்னைய வெளிய போங்கன்னாவ. அவுக ரெண்டு பேரும் மட்டும், கதவச் சாத்தியாச்சு. பழக்கதோசத்துல நான் போகும்போது மேல பாத்தேன், அந்த ரூம்ல ஒரு கேமராகூடக் கிடையாது. இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. உள்ள என்ன பேசுனாவன்னு யாருக்குமே தெரியாது, நெனச்சிப் பாருங்க.

தொண்டை மரத்துப்போன பிள்ள, பேசவே கூடாதுன்னு சொன்ன பிள்ள, அம்புட்டு நேரம் பேசிருக்கா.

டாக்டரம்மா வெளிய வந்து என் முன்னால நின்னாவ. உக்காரல.

"கோமதி அவங்க அம்மா வீட்டுக்குத்தான் போறாங்க. நீங்க தடுக்கக்கூடாது. என்ன நடந்ததோ அதை நான் எழுதி வச்சிட்டேன்."

அவ அண்ணன் கருத்தப்பாண்டி வேன எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அந்தத் திருகு டப்பாவ நர்சு எங்கிட்டக் குடுத்துச்சு. இந்தா, பைல தான் வச்சிருக்கேன். பாருங்க, மிளகு அளவுகூட இல்ல. தாலியும் இதுலதான் இருக்கு. கோமதி திருப்பிக் கேக்கல. கேக்க மறந்திருப்பா, அம்புட்டு மயக்கம்லா.

என்ன கேட்டிய? எப்பிடி உள்ள போச்சா?

அதத்தான அண்ணாச்சி நானும் கேக்கேன். அன்னைக்குக் காலைல ஒண்ணுமே நடக்கல. சாதாரணக் காலை. நான் ஒரு நகைக்கடை வேலைக்கு அவசரமாக் கெளம்புதேன், சட்டைல ஒரு பித்தான் இல்ல. நேத்தே சொன்னேன்லான்னு கேட்டேன். மறந்துட்டேன்னா. அதையும் சிரிச்சிக்கிட்டே சொன்னா. நான் சும்மா கைய ஒரு வீசு வீசுனேன். அடின்னு சொல்ல முடியாது. அடிச்சா எப்பிடி இருக்கும்னு அவளுக்குத் தெரியும், அது அடி இல்ல. மூக்குப் பக்கமா பட்டுருச்சி. அவ மூக்குல கைய வச்சிக்கிட்டு, ஹான்னு ஒரு மூச்சு இழுத்தா பாருங்க, மூக்காலயும் வாயாலயும், கெணத்துல விழுந்து எந்திரிச்ச ஆளு இழுக்க மாதிரி. அப்புறம் ஒரே இருமல், கண்ணு ரெண்டும் பிதுங்குது. நடிக்கான்னு நெனச்சி, வேற சட்டையப் போட்டுட்டு நான் கெளம்பிட்டேன். பாதி வழி போறதுக்குள்ள அம்மா போன் போட்டா, மூக்குத்தி தரைல கெடக்குன்னு. வேலைய விட்டுட்டு ஓடி வந்தேன், தேடுததுக்கு.

டாக்டரம்மா சொல்லுதாவ, மூக்குக்குள்ள கழண்ட திருகு அந்த மூச்சுலதான் போயிருக்குன்னு. அவுக பாத்தாவளா? எங்க வீட்டு டிஸ்க்கு பெருசு, மாசக்கணக்கா அழியாது, நான் அந்த நாள் ரெக்கார்டிங்கப் போட்டுப் பாத்துட்டேன். அடுப்படிக் கேமரா ஆங்கிள்ல என் முதுகுதான் தெரியுது. கோமதி தெரியவே இல்ல. என் முதுகு ஒரு தடவ அசையுது, அம்புட்டுதான். அதுல ஒண்ணுமே நடக்கல அண்ணாச்சி. பாத்துட்டு அழிச்சிட்டேன், டிஸ்க்குல எடம் வேணும்லா.

தள்ளித் தள்ளி உக்காருதிய, எடம் பத்தலியா? நான் வேணா ஒடுங்கிக்கிடுதேன்.

கழுகுமலை தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான். ஒரு காரியம் கேக்கட்டா? நீங்க எங்கூட எறங்குங்களேன். இப்பிடிப் போகும்போது வயசுல பெரியவுக ஒருத்தர் கூட இருந்தா அவுகளும் மரியாதையா உக்காரவச்சிப் பேசுவாவ. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல நின்னாப் போதும். வெள்ளை வேட்டி கட்டிருக்கிய, நல்லா இருக்கும். சங்கரன்கோயிலுக்கு அடுத்த பஸ்சு பின்னாலயே வரும். இல்லியா? சரி, பரவால்ல.

அங்க என்ன நடக்குன்னு பாப்பமா? மாமியா வீட்டு வாசலுக்கும் ஒரு கேமரா மாட்டிக் குடுத்திருக்கேன், கல்யாணமான புதுசுல, இலவசமா. அது என் போன்லயும் தெரியும். அவுகளுக்கு அது தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். ஆனா இந்த வாரம் அத யாரோ செவத்துப் பக்கமாத் திருப்பி வச்சிட்டாவ. பாருங்க, வெறும் செவரு. சுண்ணாம்பு. நானும் காலைலருந்து இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா இதுல மைக்கு உண்டு. அது அவுகளுக்குத் தெரியாது. காதுல வச்சிக் கேளுங்க. வைங்க அண்ணாச்சி, கடிக்காது.

கோழிச் சத்தம். பாத்திரம் கழுவுத சத்தம். இருமல் கேக்குதா? ஒரு இருமல் இல்ல. நல்லாத்தான் இருக்கா. சுத்தமாக் கொணமாயிருச்சி. அப்ப எங்கூட வரதுக்கு என்ன?

இருங்க இருங்க. அது அவதான். கேட்டியளா?

சிரிக்கா.

எங்க வீட்டு அடுப்படில அவ இப்பிடிச் சிரிச்சி நான் கேட்டதே இல்ல. ரெக்கார்டிங்க் பூராத் தேடுனாலும் கெடைக்காது. வயித்துலருந்து வருது பாருங்க, இருமலே வராம, நிறுத்தாம. யார்கூடச் சிரிக்கா? இன்னொரு குரலும் கேக்க மாதிரி இருக்கு. யார்கூடச் சிரிக்கா அண்ணாச்சி?

ம். விலக்கு வந்துருச்சி. கண்டக்டர், எறங்கணும், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.

அந்தப் பைய எடுத்துக் குடுங்க. கனமாத்தான் இருக்கும், புதுக் கேமரா. செவத்துப் பக்கம் திருப்ப முடியாத மாடல். ஆணி, டிரில்லு எல்லாம் உள்ள கெடக்கு. இன்னைக்கே மாட்டிருவேன்.

போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க இம்புட்டு நேரம் கேட்டுட்டு உங்க வீட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. உங்க வீட்லயும் இப்பிடி இருந்திருக்கும்லா? ஒரு பித்தானுக்கோ, உப்புக்கோ, சும்மா ஒரு கை வீச்சு? அதுக்கப்புறம் அவுக இருமுனது, நீங்க தூசின்னு நெனச்சது?

யோசிச்சிச் சொல்லுங்க அண்ணாச்சி. இருந்திருக்கும்லா?